வீட்டில் கிருமிநீக்கிக் கரைசல் தயாரித்தல்: விழுக்காட்டை அறிந்து அளந்து கலக்கும் முறை

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், நீண்ட நாள் படுக்கையில் இருக்கும் முதியவர், வயிற்றுப்போக்கால் துன்புறும் குழந்தை ஆகியோரைப் பராமரிக்கும் வீடுகளுக்கு மருத்துவமனையிலிருந்து பெரும்பாலும் ஓர் அறிவுரை தரப்படுகிறது: “தரையையும் கட்டிலையும் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடையுங்கள், 1% போதும்.” கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த அறிவுரையைப் பின்பற்ற முனையும்போதுதான் ஐயம் எழுகிறது. கடையில் வாங்கிய புட்டியில் 5% என்று அச்சிடப்பட்டிருக்கும். அல்லது 4% என்று இருக்கும். 1% என்று எழுதிய புட்டி எப்போதும் கைக்குக் கிடைப்பதில்லை. அதை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பகுதிகளில் வசிப்போருக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. பின்னலாடைத் துணியை வெளுக்கவும் சாயமேற்றவும் பயன்படும் வேதிப்பொருள்கள் மருந்துக்கடைப் புட்டியில் உள்ள அதே பெயர்களைக் கொண்டவை. பெயர் ஒன்று, செறிவு வேறு. பட்டறையிலிருந்து ஒரு சிறு கேனில் வீட்டிற்கு வரும் திரவம் மருந்துக்கடையில் கிடைப்பதைவிடப் பல மடங்கு செறிவுடையதாக இருக்கலாம். எனவே, எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்ற கேள்விக்கு முன்பாக, கையில் இருக்கும் புட்டி எத்தனை விழுக்காடு என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத நிலையில் செய்யும் எந்தக் கலவையும் ஊகமே.

விழுக்காடு என்பது எதைக் குறிக்கிறது?

மருத்துவப் பயன்பாட்டில் 1% கரைசல் என்றால், 100 மி.லி. கரைசலில் 1 கிராம் வேதிப்பொருள் கரைந்துள்ளது என்று பொருள்; அதாவது ஒரு லிட்டரில் 10 கிராம். மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றப்படும் உப்புக் கரைசலின் பையில் 0.9% என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு உள்ளது.

சாயப்பட்டறையில் பணிபுரிபவர் உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டறையில் “2 பர்சென்ட் கலர்” என்று கூறுவது கரைசலின் செறிவை அன்று. துணியின் எடையை அடிப்படையாகக் கொண்ட கணக்கு அது. 100 கிலோ துணிக்கு 2 கிலோ சாயம் என்று பொருள். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் வைத்தால், அந்தத் தொட்டியில் உள்ள நீரில் சாயத்தின் செறிவு 0.2% மட்டுமே. ஒரே சொல், பத்து மடங்கு வேறுபாடு. தொழிலில் நல்ல தேர்ச்சி உடையவரே வீட்டில் கிருமிநீக்கி கலக்கும்போது பழக்கத்தால் தவறு செய்ய இது இடம் தரும். பட்டறையில் வழங்கும் மற்றோர் அளவான “லிட்டருக்கு இத்தனை கிராம்” என்பது இதைவிடத் தெளிவானது. லிட்டருக்கு 10 கிராம் என்பது 1%. லிட்டருக்கு 1 கிராம் என்பது 0.1%.

மிகக் குறைந்த செறிவுகளைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கூறுவதுண்டு. 1% என்பது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. குடிநீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவிலானது. அதாவது பத்து லட்சத்தில் அரைப் பங்கு. தொழிற்சாலைக்கு வரும் 12% ஹைப்போகுளோரைட்டை அந்த அளவுக்குக் கொண்டுவர 2,40,000 மடங்கு நீர்க்க வேண்டும். ஒரே பொருள் ஒரு முனையில் தோலை அரிக்கிறது, மறு முனையில் நாம் அன்றாடம் அருந்தும் நீரில் இருக்கிறது. நன்மையும் தீங்கும் அந்தப் பொருளின் பெயரில் இல்லை, அதன் அளவில் உள்ளன.

எத்தனை மடங்கு நீர்ப்பது?

கணக்கு ஒரு வகுத்தலில் முடிகிறது. புட்டியில் உள்ள விழுக்காட்டை, தேவையான விழுக்காட்டால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணே மொத்தப் பங்குகள். அவற்றில் ஒரு பங்கு மருந்து. மீதிப் பங்குகள் தண்ணீர்.

புட்டியில் 5%, தேவை 1% என்று கொள்வோம். 5 ÷ 1 = 5. மொத்தம் ஐந்து பங்கு. அதில் ஒரு பங்கு ஹைப்போகுளோரைட், நான்கு பங்கு தண்ணீர். ஒரு லிட்டர் தயாரிக்க 200 மி.லி. மருந்தும் 800 மி.லி. தண்ணீரும் வேண்டும். அதே புட்டியிலிருந்து 0.5% வேண்டுமானால் பத்து மடங்கு: 100 மி.லி. மருந்து, 900 மி.லி. தண்ணீர். 0.1% வேண்டுமானால் ஐம்பது மடங்கு: 20 மி.லி. மருந்து, 980 மி.லி. தண்ணீர். உங்கள் புட்டி 4% ஆக இருந்தால், 0.1% கரைசலுக்கு நாற்பது மடங்கு. லிட்டருக்கு 25 மி.லி. மருந்து எடுக்க வேண்டும்.

இங்கே நேரும் தவறுகளில் முதன்மையானது, புட்டியில் உள்ள திரவத்தை 100% என்று மனத்தில் எண்ணிக்கொள்வது. “1% என்றால் நூறில் ஒரு பங்கு; ஆகவே ஒரு லிட்டரில் 10 மி.லி.” என்று கணக்கிட்டு ஊற்றுகிறார்கள். புட்டி 5% ஆக இருந்தால் அவ்வாறு கிடைப்பது 0.05% கரைசல்; வேண்டியதில் இருபதில் ஒரு பங்கு. இரத்தம் சிந்திய இடத்தில் அதை நம்ப முடியாது. ஆனால் குளோரின் நெடி அதிலும் வரும் என்பதால், வேலை சரியாக நடந்துவிட்டதாகவே தோன்றும்.

இதற்கு நேர்மாறான தவறு, பிறர் சொன்ன பங்குக் கணக்கை வேறு புட்டிக்குப் பயன்படுத்துவது. பக்கத்து வீட்டில் “ஒன்றுக்கு நான்கு” என்று கலப்பது அவர்களுடைய 5% புட்டிக்குப் பொருந்தும். உங்களிடம் இருப்பது பட்டறைக்கான 12% திரவமாக இருந்தால், அதே முறையில் 2.4% கரைசல் கிடைக்கும். அதைக் கொண்டு நோயாளியின் கட்டிலைத் துடைத்தால் உலோகம் துருப்பிடிக்கும், கண் எரியும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறும். மேலும், “ஒன்றுக்கு ஐந்து” என்று ஒருவர் கூறினால், ஐந்து பங்குத் தண்ணீரா, மொத்தம் ஐந்து பங்கா என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள். புள்ளி வைத்த எண்களைக் காதால் மட்டும் கேட்டுக்கொள்ளாமல் எழுதி வாங்குவது நல்லது. “பாயிண்ட் ஒன்று” என்பதும் “ஒன்று” என்பதும் தொலைபேசியில் ஒன்றுபோல் ஒலிக்கும். இடையே பத்து மடங்கு உள்ளது.

பிளீச்சிங் தூளைப் பயன்படுத்துவோர் சிப்பத்தின் மீது உள்ள குளோரின் விழுக்காட்டைப் பார்க்க வேண்டும். நல்ல தூளில் ஏறத்தாழ 33% குளோரின் இருக்கும். அத்தகைய தூளில் 30 கிராம் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சேர்த்தால் 1% கரைசலும், 3 கிராம் சேர்த்தால் 0.1% கரைசலும் கிடைக்கும். கலக்கி வைத்துச் சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். சிப்பம் பிரிந்து பல வாரம் காற்றுப்பட்டுக் கிடந்த தூளில் அந்த 33% இருக்காது. அது கட்டியாகி, நெடி குறைந்திருந்தால், கூடுதலாகப் போட்டு ஈடுசெய்ய முயலாமல் புதிய சிப்பம் வாங்குங்கள்.

எந்த இடத்திற்கு எந்தச் செறிவு?

நோயாளி அடிக்கடி தொடும் கட்டில் விளிம்பு, கதவுத் தாழ்ப்பாள், கழிவறைத் தரை ஆகியவற்றிற்கு 0.1% பொதுவாகப் போதுமானது. இரத்தம், வாந்தி, மலம் சிந்திய இடத்திற்கு 0.5% முதல் 1% வரை தேவைப்படும். உங்கள் மருத்துவமனை குறிப்பிட்ட ஓர் அளவைக் கூறியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சிந்தியதை முதலில் காகிதத்தாலோ பழந்துணியாலோ ஒற்றி எடுத்து அகற்றிவிட வேண்டும். நம் ஊரில் கட்டிங் வேஸ்ட் துணிக்குப் பஞ்சமில்லை. ஒருமுறை பயன்படுத்தி உறையில் கட்டி அகற்ற அது ஏற்றது. இரத்தமும் மலமும் அங்கேயே இருக்கும்போது கரைசலை ஊற்றினால், குளோரின் அவற்றோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். கிருமிகளை அழிக்க மிஞ்சாது. அகற்றியபின் கரைசலை இட்டுப் பத்து நிமிடமாவது ஈரமாக இருக்க விட்டு, பிறகு தண்ணீரால் துடையுங்கள். இட்டவுடன் துடைத்துவிட்டால் மிகச் சரியான செறிவும் பயன் தராது.

நோயாளியின் ஆடைகளை ஊறவைக்கும்போது பனியன், உள்ளாடை ஆகியவற்றில் லைக்ரா கலந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹைப்போகுளோரைட் லைக்ராவை மஞ்சளாக்கி நைந்துபோகச் செய்யும். பட்டையும் கம்பளியையும் கெடுக்கும். அவற்றைச் சோப்பிட்டு வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவதே போதும்.

கலக்கும்போது

சன்னல்களைத் திறந்துவையுங்கள். கையுறை அணியுங்கள். பிளாஸ்டிக் வாளியையே பயன்படுத்துங்கள். அலுமினியம், இரும்புப் பாத்திரங்கள் ஆகா. முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, அதன்பின் மருந்தைச் சேருங்கள். அப்போதுதான் தெறித்தாலும் தெறிப்பது பெரும்பாலும் தண்ணீராக இருக்கும். வெந்நீர் கூடாது, குளோரின் விரைவில் ஆவியாகிவிடும்.

வாளியின் கொள்ளளவைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியால் ஐந்து முறை ஊற்றி, நீர் நிற்கும் மட்டத்தில் அழியாத மையால் ஒரு கோடு இட்டுவிட்டால், அந்த வாளி என்றைக்கும் ஐந்து லிட்டர் அளவியாகிவிடும். 5% புட்டியிலிருந்து அந்த வாளியில் 0.1% கரைசல் தயாரிக்க 100 மி.லி. மருந்து தேவை. மருந்தை அளக்க ஊசி நீக்கிய சிரிஞ்சு அல்லது அளவுக்குவளை ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். குழந்தைக்குச் சிரப் கொடுக்கும் மூடியால் ஒருபோதும் அளக்காதீர்கள். சமையலறைத் தம்ளரும் வேண்டாம்.

கலந்த கரைசல் ஒரு நாளைக்குரியது. வெளிச்சமும் வெப்பமும் அதன் வலிமையைக் குறைத்துக்கொண்டே இருப்பதால், ஒளி ஊடுருவாத மூடிய கலத்தில் வைத்து, 24 மணி நேரத்திற்குப் பின் எஞ்சியதைத் தண்ணீர் விட்டுக் கழிவறையில் ஊற்றிவிடுங்கள். கலத்தின் மேல் பெயர், விழுக்காடு, கலந்த நாளும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். ஒரே வளாகத்தில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும் குடியிருந்தால், தமிழ் எழுத்து அவர்களுக்கு உதவாது. நஞ்சைக் குறிக்கும் மண்டையோட்டுப் படத்தையும் வரைந்து ஒட்டுங்கள்.

சேரக்கூடாதவை

கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஹைப்போகுளோரைட்டையும் சேர்த்தால் குளோரின் வாயு வெளிப்படும். சிறு கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு இவ்விரண்டையும் ஊற்றுவது உயிருக்கே ஆபத்தானது. “இரண்டும் சேர்ந்தால் இன்னும் நன்றாகச் சுத்தமாகும்” என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் சுத்தம் கூடுவதில்லை, நச்சு வாயுதான் மிஞ்சுகிறது. வினிகர், எலுமிச்சைச் சாறு ஆகியவையும் அமிலங்களே. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடு சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும்.

சிறுநீரில் இருந்து உருவாகும் அம்மோனியாவும் இதில் அடங்கும். படுக்கை நனையும் நோயாளியைப் பராமரிப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும். சிந்திய சிறுநீரின் மேல் ஹைப்போகுளோரைட்டை நேரடியாக ஊற்றாதீர்கள். முதலில் ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் கழுவி, தண்ணீரால் அலசியபின்பே கிருமிநீக்கியை இடுங்கள்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. ஹைப்போகுளோரைட்டைச் சுருக்கமாக “ஹைப்போ” என்று வழங்குகிறோம். வேதியியலில் ஹைப்போ என்ற பெயர் சோடியம் தயோசல்பேட் என்னும் வேறொரு பொருளைக் குறிக்கிறது. அது கிருமியைக் கொல்வதில்லை. குளோரினைச் செயலிழக்கச் செய்வது. வேதிப்பொருள் விற்கும் கடையில் “ஹைப்போ” என்று கேட்டு வாங்கினால் எது கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. முழுப்பெயரைக் கூறி, சிட்டையைப் படித்து வாங்குங்கள்.

பட்டறையிலிருந்து வரும் கேன்

பருத்திப் பின்னல் துணியை வெண்மையாக்கப் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும், சில இடங்களில் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் பயன்படுகின்றன. காரத்தில் வெந்த துணியை நடுநிலைப்படுத்த அசிட்டிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. இம்மூன்றும் மருந்துக்கடையிலோ மளிகைக் கடையிலோ நீர்த்த வடிவில் கிடைப்பவை. இதனால்தான் “எல்லாம் ஒன்றுதானே, தண்ணீர் கலந்துகொள்ளலாம்” என்று தோன்றுகிறது.

மருந்துக்கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6% அல்லது அதற்கும் குறைவு. சில புட்டிகளில் விழுக்காட்டுக்குப் பதிலாக “20 வால்யூம்” என்று இருக்கும், 1 மி.லி. திரவம் சிதையும்போது 20 மி.லி. ஆக்சிஜன் வாயு வெளிவரும் என்று அதற்குப் பொருள். 6% என்பதும் அதுவே. வெளுப்பாலைக்கு வருவது பெரும்பாலும் 50%. அது எடைக்கு எடை கணக்கிட்ட விழுக்காடு. அந்தத் திரவம் தண்ணீரைவிடக் கனமானது என்பதால், ஒரு லிட்டரில் ஏறத்தாழ 600 கிராம் பெராக்சைடு இருக்கும். தோலில் பட்டால் உடனே வெளுத்து எரியும். கண்ணில் பட்டால் பார்வை பறிபோகலாம். ஒரு வாய் விழுங்கினாலே வயிற்றுக்குள் பல லிட்டர் ஆக்சிஜன் வெளிப்படும். அந்த வாயு இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து உயிரைப் பறிக்கக்கூடும். துணியில் ஊறிக் கிடந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. இறுக மூடிய குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்தால், வெளிவரும் வாயு புட்டியை வெடிக்கச் செய்யும். தொழிற்சாலைக் கேனின் மூடியில் வாயு வெளியேற வழி வைத்திருப்பது இதற்காகவே.

50 விழுக்காட்டை 3 விழுக்காடாக்கும் கணக்கு மேலே கூறிய ஒரே வகுத்தல்தான். ஆயினும் அதை வீட்டில் செய்யாதீர்கள் என்று கூறுவதற்குக் காரணங்கள் உண்டு. ஊற்றும் அந்த ஒரு நிமிடத்திலேயே கண்ணும் கையும் ஆபத்தில் இருக்கின்றன. தொழில்தர திரவத்தில் சேர்க்கப்பட்டுள்ள நிலைப்படுத்திகளும் மாசுகளும் உடலுக்கு உகந்தவை என்று யாரும் சோதித்ததில்லை. திறந்து சில மாதங்கள் ஆன கேனில் எத்தனை விழுக்காடு எஞ்சியுள்ளது என்பதும் வீட்டில் அறியக்கூடியது அன்று. மருந்துக்கடைப் புட்டியின் விலை மிகக் குறைவு. மேலும், புண்ணை நாள்தோறும் பெராக்சைடால் கழுவும் வழக்கமே இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. நுரைத்து வருவதைக் கண்டு சுத்தமாகிறது என்று எண்ணுகிறோம், ஆனால் அது புதிதாக வளரும் திசுவையும் சிதைக்கிறது.

அசிட்டிக் அமிலமும் இவ்வாறே. சமையல் வினிகரில் அது 4% அளவில் உள்ளது. பட்டறைக்கு வருவது 99% வரையிலானது, தோலைக் கொப்புளிக்கச் செய்வது. மருத்துவர் காதுக்கோ புண்ணுக்கோ நீர்த்த அசிட்டிக் அமிலம் எழுதித் தந்தால், மருந்தகத்தில் தயாரித்ததை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஏற்கெனவே வீட்டில் அத்தகைய கேன் இருந்தால் சாக்கடையிலோ குப்பையிலோ கொட்டாமல், மூடியை இறுக்காமல், குழந்தைகள் அணுகாத நிழலான இடத்தில் நிமிர்த்தி வைத்து, பணியிடத்தில் பொறுப்பாளரிடம் திருப்பி ஒப்படையுங்கள். எடுத்து வந்தவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. கேன் ஒளித்துவைக்கப்படுவதே அதன் விளைவாக இருக்கும்.

தரைக்கு உரியது உடலுக்கு உரியது அன்று

2020 ஏப்ரல் தொடக்கத்தில், கொரோனா பெருந்தொற்றின்போது, திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையின் நுழைவாயிலில் கிருமிநீக்கச் சுரங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. சந்தைக்கு வருவோர் சில விநாடிகள் அதனுள் நடந்துசெல்ல, நீர்த்த ஹைப்போகுளோரைட் கரைசல் அவர்கள் மீது பனித்துளிபோல் தெளிக்கப்பட்டது. நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடு அது. நாட்டின் பல நகரங்களில் அதைப் பார்த்து அமைத்தனர். அதே மாதத்திலேயே தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை இத்தகைய சுரங்கங்களைப் பயன்படுத்த வேண்டாம் என அறிவுறுத்தியது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமும், மனிதர் மீது கிருமிநீக்கி தெளிப்பதை எந்த நிலையிலும் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. உடலுக்குள் சென்றுவிட்ட வைரஸை வெளியே தெளிக்கும் மருந்து அழிப்பதில்லை. கண்ணும் தோலும் மூச்சுக்குழாயும் எரிச்சலடைகின்றன. பாதுகாப்பாகிவிட்டோம் என்ற பொய்யான நம்பிக்கையால் கை கழுவுவது குறைகிறது என்பன அமைச்சகம் கூறிய காரணங்கள். 2020 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றமும் இவற்றைத் தடைசெய்ய நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது.

சுரங்கங்கள் மறைந்துவிட்டன. அவற்றின் பின்னே இருந்த எண்ணம் வீடுகளில் இன்னும் எஞ்சியுள்ளது. குளிக்கும் நீரில் சிறிது ஹைப்போகுளோரைட், படுக்கைப் புண்ணைத் துடைக்க மீதமிருந்த 1% கரைசல் என்று அது வெளிப்படுகிறது. இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

ஹைப்போகுளோரைட் புண்ணுக்கே பயன்பட்டதில்லையா என்று கேட்கலாம். பயன்பட்டது. முதல் உலகப் போரின்போது ஹென்றி டாக்கின் என்ற வேதியியலாளரும் அலெக்சிஸ் கேரல் என்ற அறுவை சிகிச்சை வல்லுநரும், படைவீரர்களின் சீழ்பிடித்த காயங்களைக் கழுவ ஹைப்போகுளோரைட் கரைசலைப் பயன்படுத்தினர். டாக்கின் முதன்மையாகக் கவனம் செலுத்தியது இரண்டில்: செறிவு 0.5 விழுக்காட்டை ஒட்டி நிற்க வேண்டும். வெளுப்பு மருந்துக்கே உரிய காரத்தன்மையைத் தணிக்க வேண்டும். அதைவிடக் கூடினால் தோல் வெந்தது. குறைந்தால் சீழ் நிற்கவில்லை. இன்றும் சில மருத்துவர்கள் குறிப்பிட்ட புண்களுக்கு அதையோ, அதனினும் நீர்த்த வடிவையோ எழுதித் தருவதுண்டு. வீட்டில் தண்ணீர் கலந்து செறிவைச் சரிசெய்யலாம். காரத்தன்மையைச் சரிசெய்ய முடியாது. எனவே அது மருந்தகத்தில் தயாரிக்க வேண்டிய மருந்து.

வீட்டில் புண்ணைக் கழுவ, மருத்துவர் வேறு கூறாதவரை, மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9% உப்புக் கரைசல் போதும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டிற்கு வரும் செவிலியரிடம், நீங்கள் எதைக் கொண்டு புண்ணைக் கழுவுகிறீர்கள் என்பதைத் தயங்காமல் காட்டுங்கள்.

உடலுக்குள் செல்லும் கரைசல்கள்

இவற்றில் வீட்டில் கலக்கக்கூடியது ஒன்றே: உப்பு சர்க்கரைக் கரைசல் எனப்படும் ஓ.ஆர்.எஸ். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்குரியது. குழந்தை ஒரு தம்ளர்தானே குடிக்கும் என்று முழுப் பொட்டலத்தையும் ஒரு தம்ளரில் கரைத்தால், உப்பு ஐந்து மடங்கு செறிந்து, குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரக்கூடும். பொட்டலத்தைப் பிரித்துப் பாதி பாதியாகப் பயன்படுத்துவதும் சரியன்று. தூள் சமமாகப் பிரியாது. முழுப் பொட்டலம், முழு லிட்டர். 200 மி.லி. பொட்டலங்களும் விற்கப்படுவதால் உறையைப் படித்துக் கலக்குங்கள். எஞ்சியதை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் பைகளில் 1.5%, 2.5%, 4.25% என்று வெவ்வேறு செறிவுகள் இருக்கும். செறிவு கூடினால் உடலிலிருந்து இழுக்கப்படும் நீரும் கூடும். கால் வீங்கியிருக்கிறது என்று நீங்களே செறிந்த பையை மாற்றாதீர்கள். டயாலிசிஸ் செவிலியரிடம் பேசுங்கள். நரம்பு வழி, நெபுலைசர், கண்வில்லை ஆகியவற்றிற்கு வீட்டில் கலந்த எந்த உப்பு நீரையும் பயன்படுத்தக் கூடாது.

விபத்து நேர்ந்தால்

கண்ணில் பட்டால், குழாய் நீரை மெல்ல விட்டு, இமைகளை விரல்களால் பிரித்துப் பிடித்து, 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். மருத்துவமனைக்குப் புறப்படும் அவசரத்தில் இதைக் குறைத்துவிடாதீர்கள். கண்ணைக் காப்பது பெரும்பாலும் இந்த நிமிடங்களே. தோலில் பட்டால் நனைந்த ஆடையை அகற்றிவிட்டு அவ்வாறே கழுவுங்கள். காரம் பட்ட இடத்தில் எலுமிச்சையோ வினிகரோ தேய்க்க வேண்டாம்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். இறங்கும்போது சுட்ட திரவம் ஏறும்போதும் தொண்டையைச் சுடும். உப்புக் கரைசலோ முட்டை வெள்ளையோ கொடுக்க வேண்டாம். வாயைக் கொப்பளிக்கச் செய்து 108 எண்ணை அழையுங்கள். வாயுவைச் சுவாசித்தவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டுசெல்லுங்கள். இருமல் அடங்கிவிட்டாலும் சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தைக் கட்டணமின்றி 1800 116 117 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் புட்டியையோ அதன் சிட்டையின் ஒளிப்படத்தையோ உடன் கொண்டுசெல்லுங்கள். “ஏதோ பிளீச்சு” என்று கூறுவதைவிட “பட்டறைக் கேன், ஹைட்ரஜன் பெராக்சைடு, 50%, ஒரு வாய், அரை மணி நேரத்திற்கு முன்” என்று கூறுவது மருத்துவர் அடுத்து எடுக்கும் முடிவை மாற்றும். சிட்டை இல்லாத கேனாக இருந்தால், அதைக் கொண்டுவந்தவர் பணிபுரியும் இடத்தை உடனே தொலைபேசியில் அழைத்து, பொருளின் பெயரையும் விழுக்காட்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொழிற்கூடங்களில் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்க வேண்டும், அதன் படத்தை அனுப்பச் சொல்லலாம்.